பதவியேற்புக்கு வராத பிரதமர்

கூச்ச சுபாவம் உள்ளவனை எல்லோரும் நல்லவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. அவன் வாய் திறக்க முடியாததால் கெட்டது செய்ய வாய்ப்புக் கிடைக்காதவன், அவ்வளவுதான். அவன் கையில் ஒரு செல்போனைக் கொடுத்து, முகம் தெரியாது, குரல் கேட்காது, எழுதினால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே மாதத்தில் ஒரு நாட்டைப் பிடித்துவிடுவான்.

நான் பிடித்தேன். நாற்பத்தொரு நாள் பிரதமராக இருந்தேன். (நாடு செல்போனுக்குள்தான் இருந்தது. ஆனால் அங்கேயும் வரி உண்டு, துரோகம் உண்டு.)

ஸ்ரீரங்கத்தில் ஒரு டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பது என் வேலை. படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. காலை வண்டிகள் வந்து அடங்கிய பிறகு சாயங்காலம் வரை பெரிதாக வேலை இருக்காது. அப்படி ஒரு மத்தியானம் செல்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது குறுக்கே ஒரு விளம்பரம் வந்தது. அதை மூடுவதற்காக மூலையில் இருந்த குட்டிப் பெருக்கல் குறியை அழுத்தினேன். என் கட்டைவிரல் கொஞ்சம் பெரிது. விளம்பரம் மூடவில்லை, விளையாட்டு உள்ளே இறங்கிவிட்டது.

அது நாடு நடத்தும் விளையாட்டு. உலகப் படத்தில் ஒரு துண்டு நிலம் கொடுப்பார்கள். அதில் சேருகிறவர்கள்தான் அந்த நாட்டு மக்கள். கோதுமை விளைவிக்கலாம், இரும்பு வெட்டலாம், பக்கத்து நாட்டோடு சண்டை போடலாம். ஆனால் சட்டம், தேர்தல், மந்திரிசபை எல்லாவற்றையும் ஆடுகிறவர்களே அமைத்துக்கொள்ள வேண்டும். அமைக்காவிட்டால் பக்கத்து நாட்டுக்காரன் வந்து உட்கார்ந்துகொள்வான்.

நான் சேர்ந்த துண்டுக்கு மலைக்கோட்டை நாடு என்று பெயர் வைத்திருந்தார்கள். என்னோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். எல்லோரும் திருச்சி சுற்றுவட்டாரம். அரசாங்கம் கிடையாது. கொடிக்குப் பச்சையா நீலமா என்று மூன்று வாரமாகச் சண்டை. எனக்குக் கொள்ளிடத்தான் என்று பெயர் வைத்துக்கொண்டு, கொள்ளிடம் பாலத்தின் படத்தை ஒட்டிக்கொண்டு, நான்கு நாள் சண்டையை வேடிக்கை பார்த்தேன். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் இப்படி எழுதினேன்:

"கனம் உறுப்பினர்கள் சமூகத்துக்கு. கொடி குறித்த மேற்படி சர்ச்சை நீடித்து வருவது வருந்தத்தக்கது. எனவே கொடியைப் பிறகு பார்த்துக்கொண்டு, முதற்கண் அரசாங்கம் அமைக்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இந்தப் பாஷை எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், இதற்கு முன் நான் பதினொரு வருஷம் வேலை பார்த்த ஸ்டாண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் இருந்தது. பக்கத்து மரத்தடியில் மனு எழுதுகிறவர், எழுதியதை உரக்கப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவார். பதினொரு வருஷம் மனுவாகவே கேட்டால் காதல் கடிதம்கூட 'மேற்படி' என்றுதான் ஆரம்பிக்கும்.

சண்டை நின்றுவிட்டது. எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஆடும் பாஸ்கர் என்பவர் கேட்டார். (இன்சூரன்ஸ் ஏஜெண்ட். தன் முகத்தையே படமாகப் போட்டிருப்பார், கூலிங்கிளாஸோடு.)

"சார், நீங்க கவர்மெண்ட்ல பெரிய போஸ்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவரா?"

'இல்லை' என்று அடித்தேன். அனுப்புவதற்குள் ஒருவர் வந்து, "ஏய், வண்டிய எடுத்து விடு, டயம் ஆச்சு" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் பதினொரு பேர் 'வணக்கம் சார்' என்று எழுதியிருந்தார்கள். பதினொரு சார். முப்பது வருஷமாக ஸ்டாண்டில் 'ஏய்', 'இந்தாப்பா' என்ற இரண்டு பெயரில் வாழ்ந்தவன் நான். 'இல்லை'யை அழித்தேன். என் அரசியல் வாழ்க்கையின் முதல் முடிவு அது. ஊழல் என்றும் சொல்லலாம்.

அரசாங்கம் அமைக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே நிர்வாகம் ஸ்டாண்டு நிர்வாகம். ஸ்டாண்டில் இடமில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. நெருக்கி, சாய்த்து, இரண்டு வண்டிக்கு நடுவே மூன்றாவதைச் செருகிவிட வேண்டும். மந்திரிசபையையும் அப்படியே அமைத்தேன். யாரும் மனம் கோணக் கூடாது என்று கேட்டவருக்கெல்லாம் இலாகா கொடுத்தேன். பச்சைக்காரருக்கும் நீலக்காரருக்கும் சண்டை வராமல் இருக்க ஒருவரைக் கொடி நிற அமைச்சர், இன்னொருவரைக் கொடித் துணி அமைச்சர் ஆக்கினேன். பாலக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் டெய்சி டீச்சருக்குக் கல்வி. பாஸ்கருக்கு உள்துறை. இப்படிப் பதினாறு மந்திரிகள், ஒரு பிரதமர்.

மீதி ஒரே ஒருவர். தொட்டியத்தில் வாழை போட்டிருக்கும் ரெங்கராஜ். அவருக்கு நீர்ப்பாசனத்தை ஒதுக்கினேன். வேண்டாம் என்றுவிட்டார்.

"எல்லாரும் மந்திரியாயிட்டா யாரத்தாங்க ஆளுவீங்க? நான் குடிமகனாவே இருந்துட்டுப் போறேன். ஆளு வேணும்ல" என்று எழுதினார்.

அன்றிலிருந்து பதினேழு பேரும் சேர்ந்து ரெங்கராஜை ஆண்டோம். சுகாதார அமைச்சர் தினமும் காலையில் அவர் நலம் விசாரித்தார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைச்சர் வாரம் ஒரு முறை "ஒன்று" என்று அறிக்கை கொடுத்தார். வரி கட்டுவதும் அவர், கோதுமை விளைவிப்பதும் அவர், எல்லையில் காவல் நிற்பதும் அவர். ஒரு நாள் தோட்டத்தில் வாழைத்தார் வெட்டு இருக்கிறது என்று அவர் வரவில்லை. நாடே ஸ்தம்பித்துவிட்டது. அவசரக் கூட்டம் போட்டோம்.

அதற்கும் பாஸ்கர் வரவில்லை. உள்துறை அமைச்சர் எந்தக் கூட்டத்துக்குமே வருவதில்லை. அந்தக் கோபத்தில்தான் நான் எழுதிக்கொண்டிருந்த அரசியல் சாசனத்தில் (பழைய டோக்கன் புத்தகத்தின் முதுகில், பன்னிரண்டு விதிகள்) ஐந்தாம் விதியைச் சேர்த்தேன்: "பதவியேற்பு வைபவத்துக்கு வருகை தந்து, தன் வாயால் உறுதிமொழி கூறாத எவரும், அவர் எப்பேர்ப்பட்டவராயினும், அக்கணமே பதவி இழந்தவராகக் கருதப்படுவார்."

"எப்பேர்ப்பட்டவராயினும்" என்பதை எழுதிவிட்டு அதன் கம்பீரத்தை நானே நான்கு முறை படித்து ரசித்தேன்.

விதி ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த செய்தி பாஸ்கரிடமிருந்து: "சூப்பர் சார்! எல்லாரும் பக்கத்து ஆளுங்கதானே, பதவியேற்பை நேர்லயே வச்சுருவோம். திருவானைக்காவல்ல எனக்குத் தெரிஞ்ச ஹால் ஒண்ணு இருக்கு. டிபன் என் பொறுப்பு. எல்லாரும் போன் நம்பர மட்டும் போட்டு விடுங்க. சாரை நேர்ல பாக்கணும்னு எல்லாருக்கும் ஆசை."

பதினாறு கைத்தட்டல் படங்கள் வந்து விழுந்தன. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வேண்டுமே.

என் மனைவி செல்வியிடம் மட்டும் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க? மைக்குல? பொண்ணு பாக்க வந்தப்ப காபி நல்லாருக்குன்னு சொன்னதே உங்க அண்ணந்தான்."

"ரெண்டு வரி உறுதிமொழிதான் செல்வி. சொல்லிருவேன்."

"அவங்க உங்கள ஆபீசருன்னு நினைச்சிட்டு இருக்காங்கன்னீங்களே?"

"மேல ஏறி நின்னு, நான் முருகேசன், ஸ்டாண்டுல வேலை பாக்குறேன்னு முதல்லயே சொல்லிருவேன். அப்புறம் உறுதிமொழி."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அத மட்டும் சொல்லிட்டு வாங்க, போதும். பிரதமர்லாம் அப்புறம்" என்றாள். நானும் அதற்காகத்தான் போனேன். அந்தப் பதினேழு பேரில் ஒருவராவது, நான் யார் என்று தெரிந்த பிறகும் என்னை சார் என்று கூப்பிடுவாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை எனக்கு எதுவும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு விழா. நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். கீழே மளிகைக் கடை, பூட்டியிருந்தது. மாடியில் காதுகுத்துக்கு விடும் சின்ன ஹால். செல்வி தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். பேண்ட் காக்கி. (நல்ல பேண்ட்தான். என்னிடம் இருக்கும் நல்ல பேண்ட் எல்லாமே காக்கி.) தனியாக மேலே போய் உட்காரக் கூச்சமாக இருந்தது. யாராவது வரட்டும், கூட்டத்தோடு ஏறலாம் என்று வாசலிலேயே நின்றேன்.

முதலில் பாஸ்கர் வந்தார். படத்தில் பார்த்த அதே கூலிங்கிளாஸ். வண்டியைப் படிக்கு நேராகக் குறுக்கே நிறுத்தினார்.

அங்கேதான் என் கதை முடிந்தது. குறுக்கே நிற்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எனக்குத் தெரியாது. கை தானாகப் போய் ஹேண்டிலைப் பிடித்துவிட்டது. பாஸ்கர் திரும்பிப் பார்த்தார்.

"ஓ, வண்டி பாக்குற ஆளு போட்டிருக்காங்களா? நல்லது. இந்தாண்ணே சாவி. மேல மீட்டிங். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்க, பாத்து ஒழுங்கா நிறுத்துங்க."

நான் வாயைத் திறந்தேன். 'நான்தாங்க கொள்ளிடத்தான்' என்று சொல்லத்தான் திறந்தேன். வந்தது இது:

"ஹேண்டில் லாக் போடாதீங்க சார்."

அவர் போய்விட்டார். சரி, அடுத்தவரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்து, அக்குளில் சுருட்டிய கொடியோடு கொடித் துணி அமைச்சர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் உங்கள் பிரதமர் என்று எப்படிச் சொல்வது? கண்ணாடியில் மாட்டிவிட்டுச் சொல்லலாம் என்று மாட்டினேன். திரும்பினால் அவர் படியில் பாதி ஏறிவிட்டார். அப்புறம் மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். ஒரு வண்டியை எடுத்து நிறுத்தினால் அடுத்த சாவி நீள்கிறது. அரை மணியில் என் மந்திரிசபை முழுவதையும் வரிசையாக, ஒரே சாய்வில், முன்சக்கரம் இடது பக்கம் பார்க்க நிறுத்திவிட்டேன். அழகாக இருந்தது. அத்தனை ஒழுங்காக அந்த மந்திரிசபை அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருக்கவில்லை.

டெய்சி டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். சாவியைக் கொடுத்துவிட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"ஏங்க, கொள்ளிடத்தான் சார் வந்துட்டாரா? வயசானவரா, உயரமா, ஆபீசர் மாதிரி இருப்பாரு."

அவர் சொன்ன அடையாளத்தை நான் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன். அப்படி யாரும் வரவில்லை.

"இன்னும் வரலைங்க" என்றேன்.

பத்தரை ஆனது. மேலே மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். என் சட்டைப்பையில் போன் அடித்தது. பாஸ்கர். மாடி ஜன்னல் வழியாக அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே பேச நிற்பது தெரிந்தது. அவசரமாகச் சத்தத்தை அணைத்துவிட்டு, இரண்டு வண்டிகளுக்கு நடுவே குனிந்து எழுதினேன்: "வந்துகொண்டிருக்கிறேன்." மேலே மைக்கில் வாசித்தார்கள்: "சார் வந்துட்டே இருக்காராம்!" கைத்தட்டினார்கள். எனக்குப் பதினாறு படி தூரம்.

ஏறப் போனேன். அப்போது கோவிலுக்குப் போகும் ஒரு குடும்பம் வரிசையைப் பார்த்துவிட்டு இங்கே ஸ்டாண்டு வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு வண்டியைக் கொண்டுவந்து விட்டது. அவர்களைப் பார்த்து இன்னும் நான்கு பேர். இத்தனை வண்டியைத் தெருவில் போட்டுவிட்டு எப்படி மேலே போவது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பொறுப்பான கேள்வி. கோழைகள் எப்போதும் பொறுப்பான கேள்விதான் கேட்பார்கள்.

பதினொன்றே கால். மைக்கில் பாஸ்கரின் குரல் மாறியிருந்தது.

"சார் இனிமே வர மாட்டாருன்னு நினைக்கிறேன். சாசனம் அஞ்சாவது விதி என்ன சொல்லுதுன்னா..."

வாசித்தார். "எப்பேர்ப்பட்டவராயினும்" என்ற இடத்தில் குரலை உயர்த்தினார். நன்றாகத்தான் வாசித்தார். நான் ஓடிப்போய்ப் படியில் ஏறினேன். ஒன்று, இரண்டு, ஐந்து.

"பாவங்க அந்த மனுசன்," என்று மைக் இல்லாமலே ஒரு குரல் கேட்டது. "வயசானவருங்கிறீங்க. வழியில எங்கியாச்சும் மயங்கிக் கிடந்தா? யாராச்சும் ரெண்டு பேரு போயி பாத்துட்டு வரலாம்ங்க." ரெங்கராஜாகத்தான் இருக்க வேண்டும்.

"அட நீங்க வேற," என்றார் பாஸ்கர். "அவரு மயங்கல்லாம் இல்ல. படிச்சவரு, பெரிய பதவியில இருந்தவரு. நம்மள மாதிரி சாதாரண ஆளுங்களோட வந்து ஒக்கார அவருக்கு கௌரவம் எடம் குடுக்கல. திமிருங்க, வேற என்ன? எழுத்துலயே தெரியலையா, மேற்படி, கீழ்ப்படின்னு."

எல்லோரும் சிரித்தார்கள். டெய்சி டீச்சரும் சிரித்தார், அவர் குரலைக் கொஞ்ச நேரம் முன்புதான் கீழே கேட்டிருந்தேன். ஐந்தாம் படியில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பற்றி வாழ்க்கையில் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். ஊமை, மண்ணு, எதற்கும் ஆகாதவன். திமிர் பிடித்தவன் என்று அன்றுதான் முதல்முறை. மேலே போய், ஐயா திமிர் இல்லை, பயம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பயம் விட வேண்டும். இறங்கி வந்து ஒரு வண்டியின் சீட்டில் இருந்த தூசியைத் துடைத்தேன்.

பாஸ்கர் பிரதமரானார். நான் எழுதிய உறுதிமொழியை ஒரு தப்பும் இல்லாமல் சொன்னார்.

டிபன் முடிந்து இறங்கி வந்தார்கள். டோக்கன் எதுவும் கிடையாது. ஆனாலும் யார் எந்த வண்டி என்று பார்த்தவுடன் சாவியை எடுத்துக் கொடுத்தேன். "எப்படிண்ணே?" என்று கொடி நிற அமைச்சர் ஆச்சரியப்பட்டார். டெய்சி டீச்சர் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"வெயில்லயே நிக்கிறீங்க, சாப்பிடுங்க. பொங்கலும் கேசரியும். எங்க பிரதமருக்கு எடுத்து வச்சது, அவரு வரல. வீணாப் போகுது பாருங்க."

வாங்கிக்கொண்டேன். பதவியால் எனக்குக் கிடைத்த ஒரே பலன் அதுதான்.

பாஸ்கரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் மட்டும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வேட்டி கட்டிய ஒருவர் இறங்கி வந்தார். பஸ்ஸில் வந்தவர், என்னிடம் சாவி கேட்க அவருக்கு எதுவும் இல்லை. என் பக்கத்தில் நிழலில் நின்று போனை எடுத்து யாருக்கோ போட்டார். என் சட்டைப்பை அதிர்ந்தது. சத்தத்தை மட்டும்தான் அணைத்திருந்தேன், அதிர்வை அணைக்கவில்லை. அவர் என் பையைப் பார்த்தார். போனை வைத்தார். அதிர்வு நின்றது. மறுபடி போட்டார். மறுபடி அதிர்ந்தது.

"ஏங்க," என்றார் மெதுவாக. "நீங்களா?"

தலையாட்டினேன்.

"நான் ரெங்கராஜுங்க. உங்க குடிமகன்." என்னையும் வரிசையாக நின்ற வண்டிகளையும் பார்த்தார். சிரிக்கவில்லை. "காலையிலேர்ந்து இங்கயா நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் தடுப்பதற்குள் உரக்கக் கூப்பிட்டார். "பாஸ்கர் தம்பி! இங்க வாங்க. சார் இங்கதான் இருக்காரு. இவருதான் கொள்ளிடத்தான்!"

பாஸ்கர் வந்தார். கூலிங்கிளாஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. என் வாழ்க்கையில் சேர்த்து வைத்திருந்த தைரியம் முழுவதையும் எடுத்துச் செலவழித்தேன்.

"நான்தாங்க. அந்த சாசனம் நான் எழுதுனது."

பிறகு பாஸ்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ரெங்கராஜண்ணே, நல்லா செட்டப் பண்ணியிருக்கீங்க! அவரு எழுத்து என்ன, ஆளு என்ன!" என் தோளைத் தட்டினார். "சரிங்க பிரதமரே, அடுத்த மாசமும் இங்கதான் கூட்டம். மறக்காம வந்துருங்க. வண்டி எல்லாம் சூப்பரா நிறுத்தியிருந்தீங்க."

கிளம்பிவிட்டார். பொய்யைப் பதினேழு பேர் நாற்பத்தொரு நாள் நம்பினார்கள். உண்மையை ஒருவர் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. குறை சொல்ல முடியாது. சாவி வாங்கிக்கொண்ட கையை யார் நம்புவார்கள்?

பிரதமருக்கு எடுத்து வைத்த பொங்கலை நானும் ரெங்கராஜும் மளிகைக் கடைப் படியில் உட்கார்ந்து பாதிப் பாதி சாப்பிட்டோம். அவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, செல்போனை எடுத்து மலைக்கோட்டை நாட்டிலிருந்து விலகினார். மறுநாள் பக்கத்து நாட்டுக்காரன் படையெடுத்து வந்தான். பதினாறு பேரும் பதவியில் இருந்தார்கள். சண்டைக்கு அனுப்ப நாட்டில் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். ஐந்தாம் படிக் கதை வந்ததும் நிறுத்திவிட்டாள். "அஞ்சு ஏறத் தெரிஞ்சவருக்கு மிச்சம் ஏறத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் பேசினாள். எங்கள் குடும்பத்தில் எனக்கு இப்போது பிரதமர் என்றுதான் பெயர்.

போன தை மாதம் என் மகள் மீனாவுக்கு நிச்சயதார்த்தம். மண்டப வாசலில் வண்டிகள் தாறுமாறாக நின்றன. இரண்டே இரண்டு வண்டியைத்தான் நகர்த்தினேன். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து இறங்கி, சாவியை என் கையில் வைத்துவிட்டு, "வெயில் படாம போடுப்பா" என்றார். வாசலில் நின்ற செல்வி அதைப் பார்த்துவிட்டாள். மேளச் சத்தத்தையும் மீறி அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்:

"ஐயா! அவரு பொண்ணோட அப்பா! சாவிய திரும்ப வாங்கிக்கங்க!"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எங்காவது வாய் திறக்காமல் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் உட்பட எல்லோரும் கோரஸாகச் சொல்வார்கள், சாவியைத் திரும்ப வாங்கிக்கங்க என்று. சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். செல்வி மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் கத்தியிருக்காவிட்டால் நான் அந்த வண்டியை நிழலில் போட்டுவிட்டு, என் மகளின் நிச்சயத்தை வாசலில் நின்றே மைக்கில் கேட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.